செக்‌ஷன் 8 வவுச்சரோடு வாடகைக்கு வருகிறார்களா? நியூஜெர்சி வீட்டுக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"அண்ணா, ஒரு அம்மா ரெண்டு பிள்ளைங்களோட வீடு பார்க்க வந்தாங்க. செக்‌ஷன் 8 வவுச்சர் இருக்காம். நமக்கு எதுக்கு அரசாங்கத் தொல்லை, வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

போன மாதம் ஒரு தம்பி போனில் இப்படிக் கேட்டார். மூன்று குடும்பங்கள் குடியிருக்கும் பழைய வீடு ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறார். "அந்த ஒரு காரணத்துக்காக வேண்டாம்னு சொல்லாதீங்க தம்பி, நியூஜெர்சியில அது சட்டப்படி தப்பு" என்றேன். அவருக்கு நிஜமாகவே தெரியாது. முதல்முறை இப்படி ஒரு விண்ணப்பம் வந்தபோது எனக்கும் தெரியாது. நம்மவர்கள் நிறையப் பேர் இங்கே இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறோம். ஆனால் இந்தச் சட்டத்தைப் பற்றித் தமிழில் யாரும் விவரமாகச் சொல்லிக் கேட்டதில்லை. அதனால் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எழுதிவிடுகிறேன்.

செக்‌ஷன் 8 வவுச்சர் என்பது, குறைந்த வருமானமுள்ள குடும்பத்தின் வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டும் உதவி. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வவுச்சர் குடும்பம் உங்களுக்குத் தர வேண்டியது அவர்களுடைய பங்கை மட்டும்தான். மீதிப் பணம் உங்களுக்கும் அரசு அலுவலகத்துக்கும் இடையிலான கணக்கு. அந்தக் கணக்கில் என்ன சிக்கல் வந்தாலும் குடும்பத்தின் தலையில் அதைச் சுமத்தக்கூடாது. கீழே வரும் விதிகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பணம் எப்படி வருகிறது

'செக்‌ஷன் 8' என்பது 1937-ஆம் வருட வீட்டுவசதிச் சட்டத்தின் எட்டாவது பிரிவு. இன்றைய வாடகை உதவி 1974-இல் செய்த திருத்தத்தில் பிறந்தது. 'ஹட்' எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறை பணம் தருகிறது. அதை அந்தந்த ஊர் ஹவுசிங் அதாரிட்டி நடத்துகிறது; கீழே 'அலுவலகம்' என்று சொல்வது அதைத்தான். நியூஜெர்சியில் மாநிலத்தின் சமூக விவகாரத் துறையும் வவுச்சர் தருகிறது. நாடு முழுக்க இருபது லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் இந்த உதவியில் வாழ்கின்றன. முதியவர்கள், உடல் குறைபாடு உள்ளவர்கள், வேலைக்குப் போயும் வருமானம் போதாத பெற்றோர்கள் எல்லாரும் இதில் அடக்கம்.

கணக்கைப் பாருங்கள். தண்ணீர், ஹீட்டிங் எல்லாம் சேர்த்து உங்கள் வாடகை மாதம் 2,000 டாலர். அந்த அம்மாவின் வருமானத்தில் பிள்ளைகள், மருத்துவச் செலவு போன்ற கழிவுகள் போக 1,500 டாலர் நிற்கிறது. அவருடைய பங்கு பொதுவாக அதில் 30 சதவீதம், அதாவது 450 டாலர். மீதி 1,550 டாலரை அலுவலகம் நேரடியாக உங்கள் கணக்கில் போடும். அலுவலகம் எவ்வளவு வரை தரும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. உங்கள் வாடகை அதைத் தாண்டினால் அந்த வித்தியாசமும் குடும்பத்தின் பங்கில் சேரும். ஆனாலும் குடி வரும்போது அவர்களுடைய பங்கு அந்த வருமானத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அலுவலகம் அனுமதி தராது.

படி 1: விளம்பரமும் முதல் பேச்சும்

1968-ஆம் வருட நியாயமான வீட்டுவசதிச் சட்டம் நாடு முழுவதற்குமானது. இனம், நிறம், மதம், பூர்வீக நாடு, பால், குழந்தைகள் இருப்பது, உடல் அல்லது மனக் குறைபாடு ஆகியவற்றைக் காரணமாக வைத்து வீடு மறுக்கக்கூடாது என்கிறது. வாடகைப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. நியூஜெர்சி தன் பாகுபாடு எதிர்ப்புச் சட்டத்தில் 2002-இல் அதையும் சேர்த்துவிட்டது. அதற்கு முன்பே, 1999-இல், மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. ஏற்கெனவே குடியிருந்த ஒரு பெண்ணுக்கு வவுச்சர் கிடைத்தது. அதை வாங்க மாட்டேன் என்றார் வீட்டுக்காரர். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். அலுவலகத்தோடு ஒப்பந்தம் போடுவது தொந்தரவு என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

அதனால் 'செக்‌ஷன் 8 ஏற்பதில்லை' என்று விளம்பரம் போடக்கூடாது. 'வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்' என்று போட்டாலும் விஷயம் ஒன்றுதான். படிவத்தை நிரப்பித் தராமல் வாரக்கணக்கில் இழுத்தடிப்பதும் மறுப்புதான். வவுச்சர் கையில் கிடைத்த குடும்பத்துக்கு வீடு தேட ஆரம்பத்தில் கிடைப்பது குறைந்தது 60 நாள். காத்திருப்போர் பட்டியலில் வருடக்கணக்கில் நின்று வாங்கிய வவுச்சர், அந்தக் கெடுவுக்குள் வீடு கிடைக்காவிட்டால் கைவிட்டுப் போய்விடலாம். நீங்கள் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சும்மா தள்ளும் ஏழு நாளும் அந்த அறுபதில் கழிகிறது.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் பார்க்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன். 'இந்தியக் குடும்பத்துக்கு முன்னுரிமை', 'தமிழ்க் குடும்பம் மட்டும்' என்று போடுவது பூர்வீக நாட்டை வைத்துச் செய்யும் பாகுபாடு. குழுவில்தானே போட்டோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உரிமையாளரே குடியிருக்கும் இரண்டு குடும்ப வீட்டுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனால் விளம்பர விதிக்கு மத்தியச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. இனத்தை வைத்து மறுப்பதற்கோ 1866-ஆம் வருட சிவில் உரிமைச் சட்டத்தில் எந்த விலக்குமே கிடையாது.

நியூஜெர்சியில் புகார் போவது மாநிலத்தின் சிவில் உரிமைப் பிரிவுக்கு. முதல் மீறலுக்கே அபராதம் 10,000 டாலர் வரை போகலாம்.

வேறு மாநிலத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வாஷிங்டன் மாநிலத்தில் 2018 முதலும், நியூயார்க்கில் 2019 முதலும், கலிஃபோர்னியாவில் 2020 முதலும், இல்லினாயில் 2023 முதலும் இதே போன்ற சட்டம் உண்டு. டெக்சஸ் நேர் எதிர். அங்கே நகராட்சிகள் இப்படிச் சட்டம் போடவே மாநிலம் தடை விதித்திருக்கிறது. முன்னாள் ராணுவத்தினருக்கு மட்டும் விதிவிலக்கு.

படி 2: விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது

சரி, வவுச்சரோடு வருபவர் எல்லாருக்கும் வீடு கொடுத்தே ஆக வேண்டுமா? இல்லை. மற்றவர்களைச் சலித்துப் பார்ப்பது போல இவர்களையும் பார்க்கலாம். பழைய வீட்டுக்காரரிடம் கேட்கலாம். வாடகை ஒழுங்காகக் கொடுத்தாரா, வீட்டை எப்படி வைத்திருந்தார் என்று விசாரிக்கலாம். அவருடைய இப்போதைய முகவரியையும், இப்போதைய, முந்தைய வீட்டுக்காரர்களின் விவரத்தையும், தன்னிடம் இருக்கும் வரை, அலுவலகமே உங்களுக்குத் தர வேண்டும். இவர் நல்ல குடித்தனக்காரரா என்று பார்ப்பது உங்கள் வேலை; அலுவலகம் அதற்கு உத்தரவாதம் தருவதில்லை. ஒரே நிபந்தனை, எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும்.

அந்த அளவுகோலில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 'வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம் வேண்டும்' என்று வைத்திருப்போம். 2,000 டாலருக்கு மூன்று மடங்கு 6,000. அவ்வளவு சம்பாதிப்பவருக்கு வவுச்சரே தேவைப்படாது. நியூஜெர்சியில் அந்தக் கணக்கை அவர் தரும் பங்குக்கு மட்டும்தான் போடலாம். 450-க்கு மூன்று மடங்கு 1,350. நம் உதாரணத்து அம்மா தேறிவிடுகிறார்.

2022 ஜனவரி முதல் இன்னொரு விதியும் இருக்கிறது. பழைய குற்ற வழக்குகளைப் பற்றி, ஓரிரு விதிவிலக்குகள் தவிர, விண்ணப்பத்திலேயே கேட்கக்கூடாது. நிபந்தனையுடன் வீடு தருவதாகச் சொன்ன பிறகுதான் கேட்கலாம். அதிலும் சட்டம் சொல்லும் வரம்புக்குள்தான்.

சொந்தக்காரர் வவுச்சரோடு வந்தால்? அப்பா, அம்மா, பிள்ளை, பேரப்பிள்ளை, தாத்தா, பாட்டி, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இவர்களில் ஒருவருக்கு உங்கள் வீட்டை வவுச்சரில் விட முடியாது. உடல் குறைபாடு உள்ளவருக்கு அந்த வீடுதான் பொருந்தும் என்றால் மட்டும், அலுவலகத்தின் முன் அனுமதியோடு விடலாம்.

படி 3: படிவம், வாடகை, இன்ஸ்பெக்‌ஷன்

குடும்பம் உங்களிடம் ஒரு படிவம் கொண்டு வரும். 52517 என்ற எண்ணுள்ள ஹட் படிவம் அது. வாடகை எவ்வளவு, வீடு கட்டிய வருடம், மின்சாரம், கேஸ், தண்ணீருக்கு யார் பணம் கட்டுவது எல்லாம் அதில் வரும். உண்மையை எழுதுங்கள். பக்கத்து வீடுகளின் வாடகையோடு ஒப்பிட்டு, நீங்கள் கேட்பது நியாயமா என்று அலுவலகம் பார்க்கும். பக்கத்து போர்ஷனில் உதவி எதுவும் இல்லாமல் இருப்பவர் 1,800 தருகிறார், அதே மாதிரி வீட்டுக்கு வவுச்சர்காரரிடம் 2,000 என்றால் அது நிற்காது.

அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன். என் வீட்டுக்கு முதல்முறை இன்ஸ்பெக்டர் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கையில் ஒரு சின்ன டெஸ்டர், அதில் மூன்று விளக்கு. சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கில் அதைச் செருகி ஒரு பொத்தானை அழுத்தினார். தண்ணீர் பட்டால் தானே அணைந்துவிட வேண்டிய வகை அது, அணையவில்லை. பிறகு ஜன்னல் ஒவ்வொன்றையும் திறந்து, கையை எடுத்துவிட்டு, தானாக நிற்கிறதா என்று பார்த்தார். படுக்கையறையில் ஒன்று தடாலென்று விழுந்தது. கீழ்த்தளத்துப் படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை. வாட்டர் ஹீட்டரின் அழுத்த வால்விலிருந்து தரை நோக்கி இறங்க வேண்டிய குழாயும் இல்லை. புது பெயின்ட் அடித்து, தரை பளபளவென்று இருந்தது. ஆனாலும் வீடு தேறவில்லை. இரண்டு நாள் வேலை, கொஞ்சம் செலவு, அடுத்த முறை தேறியது. அந்த ஜன்னல் ஒரு குழந்தையின் விரல்மேல் விழுந்திருந்தால் என்று பிறகு பல நாள் நினைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்: புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், ஜன்னல் பூட்டு, உடைந்த கண்ணாடி, மூடி இல்லாத சுவிட்சுப் பெட்டி, ஒழுகும் குழாய், எல்லா அறையிலும் வெப்பம். நான்கு படியோ அதற்கு மேலோ இருந்தால் கைப்பிடி. வீடு 1978-க்கு முன் கட்டியது என்றால் ஈயப் பெயின்ட்தான் பெரிய கவலை. உரியும் பெயின்டைச் சாதாரணமாகச் சுரண்டிவிட்டு மேலே பூசக்கூடாது. அந்தத் தூசுதான் விஷம். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை குடிவருகிறது என்றால் விதிகள் இன்னும் இறுகும். ஈயம் பற்றித் தெரிந்ததை எழுத்தில் சொல்லி, அரசின் கையேட்டையும் லீஸ் (வாடகை ஒப்பந்தம்) போடும் முன் தர வேண்டும். நியூஜெர்சியில் 2022 ஜூலை முதல், இப்படிப்பட்ட பெரும்பாலான பழைய வாடகை வீடுகளுக்கு ஈயப் பரிசோதனையும் கட்டாயம். வவுச்சர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது உண்டு.

வீடு தேறும் முன் குடும்பத்தைக் குடிவர விடாதீர்கள். தேறாத நாட்களுக்கு அலுவலகம் பொதுவாகப் பணம் தராது. 

படி 4: லீஸும் ஒப்பந்தமும்

இங்கே இரண்டு கையெழுத்து. ஒன்று குடும்பத்தோடு போடும் லீஸ். முதல் லீஸ் பொதுவாகக் குறைந்தது ஒரு வருடம். இன்னொன்று அலுவலகத்தோடு போடும் உதவித்தொகை ஒப்பந்தம். லீஸோடு ஹட் தரும் ஒரு பிற்சேர்க்கையும் வரி மாறாமல் சேர வேண்டும். உங்கள் லீஸில் இருப்பதும் பிற்சேர்க்கையில் இருப்பதும் முரண்பட்டால் பிற்சேர்க்கைதான் செல்லும். லீஸ் தொடங்கிய 60 நாளுக்குள் அலுவலக ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட வேண்டும்.

டெபாசிட் வாங்கலாம். நியூஜெர்சியில் உச்சவரம்பு ஒன்றரை மாத வாடகை. நம் உதாரணத்தில் 3,000 டாலர். வட்டி வரும் தனிக் கணக்கில் போட வேண்டும். காலி செய்த 30 நாளுக்குள் கழிவு விவரத்தோடு திருப்பித் தர வேண்டும். தவறினால், தர வேண்டியதைப் போல இரு மடங்கு தரச்சொல்லி நீதிமன்றம் உத்தரவிடும். மற்றவர்களிடம் ஒரு மாத டெபாசிட் வாங்கிவிட்டு வவுச்சர்காரரிடம் மட்டும் ஒன்றரை மாதம் கேட்பது பாகுபாடு.

படி 5: மேல் பணம் வாங்காதீர்கள்

இதைத் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் நல்லவர்களும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

நீங்கள் 2,150 கேட்கிறீர்கள். அலுவலகம் 2,000-தான் நியாயம் என்கிறது. அந்த அம்மாவே, "பரவாயில்லை, மீதி 150-ஐ நான் கையில் தந்துவிடுகிறேன், வீட்டை மட்டும் கொடுங்கள்" என்கிறார். இருவருக்கும் சம்மதம், யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றும். ஆனால் அலுவலகம் அங்கீகரித்த வாடகைக்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் ஒப்பந்த மீறல். பார்க்கிங், பர்னிச்சர், 'மெயின்டனன்ஸ்' என்று வேறு பெயர் வைத்து, வாடகையோடு சேர்ந்தே வர வேண்டியதற்குத் தனியாகப் பணம் வாங்கினாலும் அப்படித்தான்.

வாடகைக்கு மேல் எதுவும் வாங்கவில்லை என்று அந்த ஒப்பந்தத்திலேயே நீங்கள் உறுதி கொடுத்திருக்கிறீர்கள். கையில் 150 வாங்கிக்கொண்டே மாதாமாதம் அலுவலகப் பணத்தையும் எடுத்தால், அரசாங்கத்திடம் பொய் சொல்லிப் பணம் பெற்றதாக ஆகும். 1863-இல் வந்த பொய்க் கோரிக்கைச் சட்டம் இதற்கும் பாயும். நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கட்ட வேண்டிவரும்; ஒவ்வொரு பொய்க் கோரிக்கைக்கும் தனி அபராதம் வேறு. அதைவிட வருத்தமானது, வெளியே தெரிந்தால் அந்தக் குடும்பத்தின் வவுச்சரே பறிபோகலாம். வீடு கிடைக்க வேண்டுமே என்ற பயத்தில் அவர்கள் சொல்வதை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

படி 6: குடியிருக்கும் காலம்

பழுது பார்ப்பது தொடரும் கடமை. அலுவலகம் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது வரும். புகார் வந்தால் நடுவிலும் வரும். கேஸ் கசிவு, குளிர்காலத்தில் ஹீட்டிங் இல்லாதது போன்ற உயிருக்கு ஆபத்தானவற்றை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். மற்றவற்றுக்கு 30 நாள். தவறினால் அலுவலகம் தன் பங்கை நிறுத்திவிடும். நின்றுபோன அந்த 1,550-ஐக் குடும்பத்திடம் கேட்க முடியாது. வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் முடியாது. அலுவலகத்தின் பக்கம் தாமதமாகி இரண்டு மாதம் பணம் வராவிட்டாலும் இதேதான். அலுவலகத்தோடு சண்டை போடுங்கள், கடிதம் எழுதுங்கள். 450 டாலரைச் சரியாகக் கட்டிவரும் குடும்பத்தின் கதவில் நோட்டீஸ் ஒட்டாதீர்கள்.

குடித்தனக்காரரே உடைத்த பொருளுக்கு, சாதாரணத் தேய்மானத்தைத் தாண்டியிருந்தால், ஒப்பந்தத்தை மீறியதாக உங்கள்மேல் வராது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை உயர்த்த வேண்டுமா? முதல் லீஸ் காலத்தில் முடியாது. அதன் பிறகு, குறைந்தது 60 நாள் முன்னால் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். புது வாடகையும் நியாயமானதுதானா என்று அவர்கள் பார்ப்பார்கள். உங்கள் ஊரில் வாடகைக் கட்டுப்பாட்டு விதி இருந்தால் அதுவும் பொருந்தும்.

உடல் குறைபாடு உள்ளவர் நியாயமான மாற்றம் ஒன்று கேட்டால் செய்து தர வேண்டும். ஓர் உதாரணம்: அவருடைய ஊனமுற்றோர் உதவித்தொகை மாதத்தின் இரண்டாவது புதன்கிழமைதான் வருகிறது. வாடகையை ஒன்றாம் தேதிக்குப் பதிலாக அதற்குப் பிறகு கட்டலாமா என்று கேட்கிறார். சரி என்று சொல்வதில் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அவருக்குத் தாமதக் கட்டணம் மிச்சம்.

குடும்பம் சொல்லாமல் காலி செய்துவிட்டால் உடனே அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். ஆள் இல்லாத மாதங்களுக்கு வந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டை விற்பதானாலும் ஒப்பந்தத்தைப் புது உரிமையாளருக்கு மாற்ற அலுவலகத்தின் எழுத்துபூர்வச் சம்மதம் தேவை.

படி 7: காலி செய்யச் சொல்லும் நிலை வந்தால்

லீஸ் காலத்தின் நடுவில் வெளியேற்றக் காரணம் வேண்டும்: தன் பங்கைக் கட்டாமை, லீஸைக் கடுமையாக அல்லது திரும்பத் திரும்ப மீறுவது, சட்டத்தை மீறுவது, அல்லது வேறு தக்க காரணம். முதல் லீஸ் காலத்தில் 'நான் விற்கப் போகிறேன்', 'அதிக வாடகைக்கு ஆள் கிடைத்துவிட்டது' என்பவை தக்க காரணம் ஆகாது. நியூஜெர்சியில் 1974-ஆம் வருட வெளியேற்றத் தடைச் சட்டம் இதைவிடக் கறாரானது. லீஸ் முடிந்துவிட்டது என்பது மட்டுமே, பெரும்பாலான வாடகை வீடுகளில், காரணமாகாது.

பெரும்பாலான நடத்தை மீறல்களுக்கு முதலில் 'இதை நிறுத்துங்கள்' என்று ஒரு நோட்டீஸ், நிற்காவிட்டால் 'காலி செய்யுங்கள்' என்று இன்னொன்று, பிறகு நீதிமன்றம். நோட்டீஸின் நகல் ஹவுசிங் அலுவலகத்துக்கும் போக வேண்டும். பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை நிறுத்துவது, சாமானை வெளியே வைப்பது எல்லாம் குற்றம். நீதிமன்ற உத்தரவோடு வரும் அதிகாரி மட்டும்தான் ஆளை வெளியேற்ற முடியும்.

ஒரு வீட்டில் கணவன் அடிக்கிறான், அடிக்கடி போலீஸ் வருகிறது, அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு. உங்களுக்கு முதலில் தோன்றுவது 'இவர்களை அனுப்பிவிட வேண்டும்' என்பதாக இருக்கலாம். பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. அடி வாங்கியவரை, அடி வாங்கியதற்காக வெளியேற்றக்கூடாது. லீஸைப் பிரித்து அடித்தவரை மட்டும் வெளியேற்ற வழி உண்டு. ஆதாரம் வேண்டும் என்றால் எழுத்தில் கேளுங்கள். அவருக்குக் குறைந்தது 14 வேலை நாள் அவகாசம் தர வேண்டும். அவர் சொன்ன எதையும் பக்கத்துப் போர்ஷன்காரரிடமோ நம் குழுவிலோ பகிரக்கூடாது.

அந்தத் தம்பி மறுபடி அழைத்தார். படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டாராம். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்னென்ன பார்க்கணும்ணா?" என்று கேட்டார். "முதல்ல ஜன்னலைத் திறந்து கையை எடுத்துப் பாருங்க" என்றேன்.